அந்த ‘றைட்’ இல்லாமல் இன்னொருக்கா

இருபத்திரண்டு வருசம் கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன் நான். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்று மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். கடைசியில் அந்த வேலையை ஒரு மாடு செய்தது. குறுக்கே வந்த மாட்டில் மோட்டார் சைக்கிளோடு மோதி, தலையின் இடது பக்கம் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எல்லாம் விளங்கியது. எல்லாம் ஞாபகம் இருந்தது. எழுதக்கூட முடிந்தது. கதைக்க மட்டும் முடியவில்லை. ‘தண்ணி’ கேட்க வாயைத் திறந்தால் நாக்கு அங்குமிங்கும் தடவிவிட்டு ‘கண்ணி’ என்னும். அடுத்த தடவை ‘நத்தி’.

ஆனால் தும்மினால், அல்லாஹ்வைப் புகழ்கிற ‘அல்ஹம்துலில்லாஹ்’ முத்துமுத்தாக வரும். அதுதான் வீட்டில் சண்டைக்குக் காரணம்.

“தும்மக்குள்ள வாற வாய் தண்ணி கேக்கக்குள்ள எங்க போகுது?” என்றாள் மனைவி. நான் நடிக்கிறேனாம்! கொப்பியில் பதில் எழுதி எழுதி முதல் மாதமே மூன்று கொப்பி முடிந்தது. எழுத்தில் சண்டை பிடிப்பதுபோல் ஒரு கஷ்டம் உலகத்தில் இல்லை. நான் முதல் வரியை முடிப்பதற்குள் அவள் நாலாவது குற்றச்சாட்டில் நிற்பாள்.

பேச்சுப் பயிற்சி தந்த மிஸ் காரைதீவுப் பிள்ளை. அவதான் மனைவிக்கு விளக்கினா. “அவர் நடிக்கல்ல அக்கா. நாக்குக்கு ஒண்டும் இல்ல. எப்ப, எந்தப் பக்கம் அசையணும் எண்டு அதுக்குச் சொல்லுற இடம்தான் மூளையில அடிபட்டிருக்கு. பழக்கத்தில தானா வாறது வேற பாதையால வரும்.”

எனக்கு உடனே பிடிபட்டது. டிரைவரும் சரி, பஸ்ஸும் சரி, ‘றைட்’ சொல்கிற கொண்டக்டரைத்தான் காணவில்லை. எழுதிக் காட்டினேன். மிஸ் மேசையில் தட்டிச் சிரித்தா. அடைபட்ட றோட்டுக்குப் பதிலாக மூளை புதுப்பாதை போடும், ஆனால் நாம் திரும்பத் திரும்ப ஓடினால்தான் போடும் என்றா.

எனக்கோ ஆறு மாதத்தில் ஓடி முடிக்கவேண்டியிருந்தது. மூத்த மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளின் பெயரைச் சொல்லி, ‘உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்’ என்று வாப்பா சபையில் சொல்லவேண்டும். முடியாதவர் பள்ளிவாசல் ஹஸரத்திடம் பொறுப்புக் கொடுக்கலாம், மார்க்கத்தில் இடமிருக்கிறது. மகளே வந்து கேட்டாள்.

“வாப்பா, ஹஸரத் சொல்லட்டுமே. அதும் நிக்காஹ்தானே.”

‘ஒருக்காலும் இல்லை’ என்று கொப்பி கிழிய எழுதினேன். கோபம் அவள்மேல் இல்லை. அடிபட்ட நாளிலிருந்து அவளுடைய பெயர் என் வாயில் வரவே இல்லை. நான் தேடித் தேடி வைத்த பெயர். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொன்ன அதே வாய். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

ஒருநாள் காலை வீட்டு வாசல் கேற்றடியில் நின்றேன். என் பழைய பஸ் வந்தது. டிரைவர் என்னைக் கண்டு நிறுத்தி, ஹோர்ன் அடித்தார். என் கை தன்பாட்டில் கேற்றைப் படபடவென்று தட்டியது. “சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று அக்கரைப்பற்று அக்கரைப்பற்று!”

குடையோடு ஒரு பெண் ஓடி வந்தா. “நிந்தவூர்ல நிப்பாட்டுவீங்களா?”

“ஓம், ஏறுங்க ஏறுங்க!” என்றேன்.

மனைவி அகப்பையோடு வெளியே பாய்ந்து வந்தாள். டிரைவர் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நேரம் போகிறது என்று கத்தினார்கள்.

நடந்ததைக் கேட்டதும், “அந்தத் தட்ட விட்டுடாதீங்க காக்கா,” என்று எங்கள் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையிலேயே சொன்னா மிஸ். நிக்காஹ் வசனத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு, பஸ் கூப்பிடுகிற அதே இராகம். சுவரில் தட்டினேன், பானையில் தட்டினேன், மனைவியின் முதுகிலும் ஒருதரம் தட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘தந்தேன்’ வந்தது. ‘நிக்காஹ்’ வந்தது. மகளின் பெயர் மட்டும் பத்துக்கு மூன்று தடவை வரும், ஏழு தடவை உடையும்.

நிக்காஹ் அன்று எங்கள் வீட்டுப் பந்தலில் சபை நிறைந்திருந்தது. அக்கரைப்பற்று மாப்பிள்ளையின் கை வேர்த்திருந்தது, என்னுடையது அதைவிட. அவருடைய கைமேல் என் பெருவிரலால் தட்டத் தொடங்கினேன். வந்தது! பெயர் முழுசாக, பஸ் இராகத்தில், பஸ்ஸுக்குக் கூப்பிடுகிற சத்தத்தில், “…நிக்காஹ் செய்து தந்தேன், போகலாம் றைட்!”

பந்தல் வெடித்துச் சிரித்தது. “மாப்பிள்ளய ஏத்திட்டார்டா!” என்று டிரைவரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. ஹஸரத் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை என் பக்கம் தள்ளினார்.

“காக்கா, அந்த ‘றைட்’ இல்லாம இன்னொருக்கா சொல்லுங்க.”

இன்னொருக்காவா! பத்துக்கு மூன்றில் ஒன்றை இப்போதுதானே செலவழித்தேன். வாயைத் திறந்தேன். நாக்கு தடவியது. ஒன்றும் இல்லை. சிரிப்பு அடங்கி, எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அப்போது என் உள்ளங்கையில் ஏதோ தட்டியது. மாப்பிள்ளையின் விரல். நான் தட்டிய அதே கணக்கில், மெதுவாக, தலையைக் குனிந்தபடி அவர் தட்டிக்கொண்டிருந்தார். அந்த நிமிடம்வரை என்னோடு இரண்டு வார்த்தை கதைக்காத பிள்ளை.

அந்தத் தட்டில் ஏறினேன். மகளின் பெயர் வந்தது, வசனம் முழுவதும் வந்தது, ‘தந்தேன்’ என்றதும் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன்.

“ஏற்றுக்கொண்டேன்,” என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். பெண்கள் இருந்த அறையிலிருந்து, மணப்பெண் என்ற கூச்சமெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, அழுகையும் சிரிப்புமாக என் மகளின் குரல் கேட்டது.

“போகலாம் றைட்!”