குட்டியானையின் பாவசங்கீர்த்தனம்

சாந்தோம் மரியதாஸுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வியாபாரமும் வராது. குட்டியானை என்று ஊரே கூப்பிடும் சின்னச் சரக்கு வண்டியை வைத்துப் பிழைத்தவர். கல்யாண வீட்டு நாற்காலி, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, மாதா திருவிழா ஜெனரேட்டர் எல்லாம் அதில்தான் போகும். போன மாதம் டாக்டர் அவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு, இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றார். இந்த மாதத்துக்குள் விற்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று மகன் லாய்டும் கறாராகச் சொல்லிவிட்டான். அன்றைக்கு மனுஷர் சோற்றைத் தொடவில்லை.

வாங்க ஆட்கள் வராமல் இல்லை. இவர்தான் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய வாய், வண்டியின் பாவங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. அபிராமபுரத்துக்காரர் ஒருவர் இன்ஜின் சத்தத்திலேயே மயங்கி, அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டார்.

"இருங்க சார். லெஃப்ட்ல திருப்பினா ஹாரன் தானா அடிக்கும். பனகல் பார்க்கிட்ட ஒரு மாட்டை இடிச்சிருக்கேன். மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, பம்பர்தான் கோணிக்கிச்சு."

பையில் விட்ட கை காலியாகவே வெளியே வந்தது. அசோக் நகரிலிருந்து வந்தவர் மாட்டுக் கதை வரைக்கும்கூட நிற்கவில்லை.

பள்ளிக்கூட டீச்சரான மனைவி நோரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அடுத்த ஆளு வந்தா நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

அடுத்து வந்தவர் ஜைதூன் பீ. ராயப்பேட்டையில் பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிறவர், வண்டியும் தானே ஓட்டுவார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"இன்னாண்ணே, வண்டியில எதுனா குறை கீதா?"

மரியதாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"லெஃப்ட்ல திருப்பினா ஹாரன் அடிக்குது. அதைக்கூட சொல்லாம நிக்கிறவரு வேற இன்னா மறைக்கிறாரோ. எனக்கு வேணாம்பா." ஜைதூன் பீ விறுவிறுவென்று நடந்தார்.

நோரா பின்னாலேயே ஓடினார். "நில்லுங்கம்மா. மழை பெஞ்சா கதவை உதைச்சாதான் மூடும். காலையில ரெண்டு தடவை சாவி திருகணும். ஒரு மாட்டை இடிச்சிருக்கு." கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம்.

ஜைதூன் பீ சிரித்துவிட்டார். "அவ்ளோதானா? நல்லது ஒண்ணுகூடவா இல்ல?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. மரியதாஸ் கிட்டே வந்தார். "வெள்ளம் வந்த வருஷம் இந்தத் தெரு ஜனத்தையே ஏத்திக்கினு போச்சு பாயம்மா. ஒரு எடத்துலகூட நிக்கல."

"அப்படிப்பட்ட வண்டியை ஏண்ணே விக்கிற?"

"வண்டிமேல குத்தமில்ல. என் காலுதான் போச்சு."

வாங்க வந்தவர்களில் யாரிடமும் அந்தக் குறையை மட்டும் அவர் சொன்னதில்லை. ஜைதூன் பீ பேரமே பேசாமல் அட்வான்ஸை எடுத்து நீட்டினார்.