அன்புச்செல்வனின் மொட்டைக் காசு

கள்ளக்குறிச்சிக்கும் கரியாலூருக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்தில் வெகுகாலமாகக் கண்டக்டராக இருக்கும் அன்புச்செல்வனுக்கு இரண்டு சொத்துகள். ஒன்று தோல் பை. மற்றொன்று, அவரிடம் செல்லாத காசைத் தள்ளிவிட எவராலும் முடியாது என்ற பெயர். பை கிழிந்து பல நாளாயிற்று. பெயரைக் கிழித்தவர் கொளஞ்சியம்மாள்.

சந்தையில் பலாப்பழம் விற்றுவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த அம்மாள், மீதிச் சில்லறையில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு ரூபாய் அளவு, இரண்டு ரூபாய் நிறம். ஆனால் சிங்கமும் இல்லை, எண்ணும் இல்லை. இரு பக்கமும் வழவழவென்று மொட்டை.

"இன்னா கண்டக்டரே இது? வாஷருன்னாகூட நடுவுல ஓட்டை இருக்கும். இதுல அதுவும் இல்லையே."

"பையில இருந்ததத்தான்மா குடுத்தேன்."

"பையில பல்லிகூட இருக்கும். அதையும் குடுப்பியா?"

பேருந்தே சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் ஒரு கொண்டை ஊசி வளைவு தப்பப் பார்த்தது.

அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு காசு கொடுத்த அன்புச்செல்வனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிங்கம், எழுத்து, வருஷம் எல்லாம் போட்ட பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் இதே சனம் 'வேணாம், நோட்டா குடு' என்கிறது. எல்லாம் இருந்தாலும் குற்றம், எதுவும் இல்லாவிட்டாலும் குற்றம் என்றால் அரசாங்கம் எதற்குத்தான் காசு அடிக்கிறது? இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டார், பஸ் ஸ்டாண்டில் கேட்டார், முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு கேட்டார். நாட்டில் பதில் சொல்ல ஆளில்லை.

இது நல்ல காசுதான் என்று கொளஞ்சியம்மாள் வாயாலேயே சொல்ல வைப்பது என முடிவெடுத்து, லீவு போட்டுத் திருநாவலூர் போனார். அங்கே மார்ட்டின் இருக்கிறார். தபால் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர், காசு சேர்க்கிறவர்.

மார்ட்டின் காந்தத்தைக் காட்டினார், ஒட்டிக்கொண்டது. சின்னத் தராசில் ஒரு தட்டில் இதையும் மறு தட்டில் நல்ல இரண்டு ரூபாயையும் வைத்தார்; முள் அசையவில்லை. பிறகு ஓரத்தை நகத்தால் தடவினார்.

"சுத்தி வரப்பு மாரி எழும்பிக்கினு இருக்குது பாருங்க. யாராச்சும் அரத்தால ராவியிருந்தா வரப்பும் போயிருக்கும், எடையும் கம்மியாயிருக்கும். இது அச்சு விழறதுக்கு முந்தியே தப்பிச்சு வந்த தகடு."

"அப்ப நான் ஏமாறல."

"நீங்க ஏமாறல. அச்சடிக்கிறவன்தான் ஏமாந்துட்டான்."

"வெல?"

"யூடியூபுல லட்சம்பான், நம்பாதீங்க. ஆசைப்படறவன் கெடைச்சா ஆயிரம், ரெண்டாயிரம். ஞாயித்துக்கெழம மெட்ராஸ்ல இருந்து நம்ம சிநேகிதர் வராரு. நெசந்தான்னு எழுதியே குடுப்பாரு. வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போவதா? மொட்டைக் காசுக்கு அடையாளம் ஏது? மாற்றி வைத்துவிட்டால் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? "நானே கொண்டாறேன்" என்று வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கை மாறும்போது மாறிவிட்டால் என்ற கவலை மட்டும் கூடவே வந்தது.

எவர்சில்வர் எதுவானாலும் பெயர் வெட்டாமல் உள்ளே விடாத வீடு அவருடையது. கரண்டிக்கும் பெயர் உண்டு, சோப்பு டப்பாவுக்கும் உண்டு. நேரே பாத்திரக் கடைக்குப் போனார். மெஷின் கர்ரென்றது. 'அன்புச்செல்வன், கள்ளக்குறிச்சி' என்று அழகாக விழுந்தது. மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று கடைக்காரர் வருத்தப்பட்டதால் அங்கே ஒரு பூ.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ்காரர் காசைப் பார்த்தார். பிறகு மார்ட்டினைப் பார்த்தார்.

"இன்னாங்க இது?" என்றார் மார்ட்டின்.

"நம்ம பேருதான். மாறிடக் கூடாது பாருங்க."

"ஒண்ணுமே இல்லாததுக்குத்தாங்க வெல. இப்ப இது ரெண்டு ரூபாகூட இல்ல."

"எங்க வூட்டுக் கொடத்துல பேரு போட்டா அது கொடம் இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் அன்புச்செல்வன் எழுந்து வந்தார்.

மறுநாள் பேருந்தில் கொளஞ்சியம்மாள் ஏறினார். "வாஷர் பத்திரமா இருக்குதா கண்டக்டரே?"

வந்த ஆத்திரத்தில் அன்புச்செல்வன் மீதிச் சில்லறையோடு அதையும் அவர் கையில் போட்டார். அம்மாள் புரட்டிப் பார்த்தார்.

"எழுத்து இருக்குது, பூ இருக்குது. மொதல்லயே இப்பிடிக் குடுத்திருந்தா நான் ஏன் பேசப் போறேன்?" முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த நாள் மலையிறங்கும்போது, டிக்கெட்டுக்கு அவர் நீட்டிய சில்லறையின் மேல் அதே பூ மலர்ந்திருந்தது. அன்புச்செல்வன் வாய் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

"உம் பேருதான போட்டுக்கினு இருக்குது? நீயே செல்லாதுன்னா நான் வேற யாருகிட்ட போவேன்?"

அன்புச்செல்வன் தம் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்தார், தேவைக்கு மேல் வேகமாக.