விட்ட இரண்டு பக்கங்கள்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. காலை 4.10க்கு எழுந்தேன். 4.20க்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மகளுக்கான கதையைப் பழைய கைப்பேசியில் பதிவு செய்தேன். 4.50க்குத் தொழிற்சாலைப் பேருந்து. மலேசியப் பக்கத்துத் தெப்ராவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லைப் பாலத்தில் நெரிசல் கூடுவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். ஏழு வயது மகள் அதற்குள் தூங்கியிருப்பாள். அவள் பள்ளிக்கு வெள்ளி, சனி விடுமுறை, எனக்குச் சனி, ஞாயிறு; எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது சனிக்கிழமை ஒருநாள்தான். அதுவும் சந்தைக்கும் துணி துவைப்பதற்கும் போய்விடும். அதனால் இரண்டு ஆண்டுகளாக அவளுக்குக் கதை படிப்பது என் பதிவுக்குரல்தான். புத்தகத்தை விரித்துவைத்து, குரலோடு சேர்ந்து வரிகளை விரலால் தொடர்வாள்.

படித்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். அன்றைய குறிப்பு: கொக்குக் கதை, பக்கம் 18 முதல் 21 வரை, பிறகு 24, 25. ஆறு நிமிடம். 22, 23 இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டேன். கடல் தாண்டி இரை தேடப் போன தாய்க்கொக்கு திரும்பி வராத பக்கங்கள் அவை. அந்தக் கதையைப் பதிவு செய்தது அது நான்காம் முறை. நான்கு முறையும் விட்டிருந்தேன்.

அன்று தொழிற்சாலையில் மின்தடை. பகலிலேயே அனுப்பிவிட்டார்கள். மாலை 4.25க்கு வீட்டு வாசலில் நின்றேன். பள்ளி வேன் ஓட்டும் என் கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா, வேலய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"கரண்டு இல்ல. பாப்பா எங்க?"

"ரூம்லதான். சத்தம் போடாம போ. அம்மா கத படிச்சிக்கிட்டு இருக்காங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அறைக்குள் என் குரல் 21ஆம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. விடியற்காலையில் தொண்டை கட்டியிருக்கும். பக்கம் திருப்பும்போதெல்லாம் இருமுவேன். குரல் இருமியது. அடுத்து 24 வர வேண்டும்.

"மூன்றாம் நாளும் தாய்க்கொக்கு வரவில்லை."

அது 22ஆம் பக்கம். வரியின் கடைசிச் சொல்லை நான் இழுக்கும் அதே இழுப்பு. நடையிலேயே நின்று, கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். விட்டதாகத்தான் எழுதியிருந்தேன். உள்ளே என் குரல் நிதானமாகப் படித்துக்கொண்டே போனது.

கதவைத் தள்ளினேன். மகள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பாயில் கிடந்த கைப்பேசியில் பதிவு நிறுத்தப்பட்டிருந்தது. படித்தது அவள். 23ஐ முடித்தாள், என் இருமலை இருமினாள், கைப்பேசியை அழுத்தினாள். என் குரல் 24ஐத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

"அந்தப் பக்கத்த நீ ஏன் படிச்ச?"

திரும்பிப் பார்த்தாள், திடுக்கிடவில்லை. "அம்மா எப்பவும் விட்டுடுறாங்க. பயம் போல."

"எந்த அம்மா? நான்தானே அம்மா?"

"நீங்க சனிக்கெழம அம்மா," என்றாள். கைப்பேசியைக் காட்டினாள். "இது படிக்கிற அம்மா."

"இன்னிக்கி நான் படிக்கிறேன். குடு."

கைப்பேசியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். 24, 25 இரண்டையும் படித்துப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருமவே இல்ல," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மீண்டும் கைப்பேசி பேசியது. விரல் அதனோடு நகர்ந்தது. நான் அறையில் இருந்தேன். என்னைத் தவிர எல்லாம் ஒழுங்காக நடந்தது.

7.45க்குத் தூங்கினாள், கைப்பேசியின் மேல் ஒரு கையை வைத்தபடி.

மறுநாள் 4.10க்கு எழுந்ததும் முதலில் கைப்பேசியைத் தொடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவள் பாயருகே உட்கார்ந்து, 21ஆம் பக்கத்தைத் தாழ்ந்த குரலில் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். எனக்கு இருமல் வரவில்லை.

கண்ணைத் திறக்காமல், எனக்காக அவள் இருமினாள். 22ஐப் படிக்கத் தொடங்கினேன்.