ஜன்னல் கேட்ட வெர்னன்

இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் வீட்டு ஸ்மோக் அலாரமும் நானும் போட்ட சண்டையைப் படித்துவிட்டுப் பலர் மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். சந்தோஷம். இன்றைக்கு அந்த மனநிலை எனக்கு இல்லை.

இங்கே லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்களுக்குக் குணம் அண்ணையைத் தெரியாமல் இருக்காது. மஞ்சள் ஜாக்கெட்டோடு கார் பார்க்கில் நிற்பவர். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்களை — என்னைத்தான் — முறைத்துப் பார்ப்பவர். 'போகலாம்' என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். பொனட்டில் இரண்டு விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இத்தனை வருஷமாக அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே. எயார்போர்ட்டில் கார்கோவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, கோபக்காரர்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, என்னை ஒருக்கா ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோய் விட ஏலுமே? கண் ஒப்பரேஷன் செய்த நாள் தொட்டு நான் கார் ஓடுறேல்லை."

"ஓம் அண்ணை, வாறன். ஆருக்குச் சுகமில்லை?"

"எங்கடை ட்ரம்மருக்கு."

எங்கடை ட்ரம்மரா? கோயில் மேளகாரரைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் கேட்டேன். வேண்டாத கேள்வி... நோர்த் சேர்குலர் ரோட்டில் அன்றைக்கு வழக்கம்போல ஒன்றும் நகரவில்லை. மழை வேறு. எனக்குத் தெரிந்த பார்க்கிங் அண்ணை வேறொரு மனிதராக மாறுவதற்கு அந்த டிராபிக் போதுமாக இருந்தது.

குணம் அண்ணை எழுபதுகளின் கடைசியில் எக்கவுண்டன்சி படிக்க லண்டன் வந்தவர். படித்தது கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் தெற்கு லண்டனில் ஒரு கார்ப்பெட் குடோனுக்கு மேலே இருந்த ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்திருக்கிறார். ட்ரம்ஸ் வெர்னன், ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. பேஸ் கிட்டார் கீத், அசல் லண்டன் வெள்ளைக்காரர். ஓர்கன் மோரீன், ஐரிஷ்காரி. கிட்டார் நம்முடைய குணம், யாழ்ப்பாணம். ஆட்கள் ஏறும் லிஃப்ட் அந்தக் கட்டடத்தில் இல்லை. கார்ப்பெட் ஏற்றும் லிஃப்டில்தான் நாலு பேரும் மேலே போவார்களாம். அதனால் பேண்டுக்குப் பெயரே 'கூட்ஸ் லிஃப்ட்'.

சோல் இசை. நெஞ்சைப் பிசைந்துகொண்டே காலையும் ஆட்டவைக்குமே, அது. இவர்கள் பாடுவதில்லை, வாசிப்பார்கள். பாட்டுக்காரர்கள் வருவார்கள், இவர்கள் பின்னணி வாசிப்பார்கள், இசைத்தட்டில் பாட்டுக்காரரின் பெயர் வரும். இவர்களின் பெயர்? வராது.

ஒரேயொரு தட்டு சொந்தமாகப் போட்டார்கள். வாத்தியம் மட்டும், குரலே கிடையாது. அட்டையில் நாலு பேரின் படத்தைப் போடக் கம்பெனி சம்மதிக்கவில்லை. சூரியன் மறைகிற ஒரு தெருவின் படத்தைப் போட்டார்கள். வாசிப்பவர்கள் யாரோ அமெரிக்கர்கள் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டுமாம்.

அந்தத் தட்டு கொஞ்சம் ஓடியது. வடக்கே ஒரு ஊரில், ஒரு கிளப்பில், வந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசலில் நின்ற மனேஜர் குணம் அண்ணையிடம் டாக்ஸியை முன்னால் நிறுத்தாதே என்றாராம். வெர்னனிடம், சாமான் இறக்குகிறவர்களுக்குப் பின்பக்கத்துக் கதவு என்றாராம். மோரீனைக் கீத்தின் மனைவி என்று எண்ணி வணக்கம் சொல்லியிருக்கிறார். கடைசியில் கீத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மற்ற மூன்று பேரும் எங்கே?" என்று கேட்டாராம்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடையிலை ஏறி முதல் பாட்டு வாசிச்சம். ஒருத்தரும் கை தட்டேல்லை. பின்னுக்கு ரெக்கோர்ட்டைப் போட்டிட்டு இவங்கள் சும்மா நடிக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டுதுகள், தங்கச்சி. எங்கடை மூஞ்சியளிலையிருந்து அந்தச் சத்தம் வருமெண்டு நம்பேலாமக் கிடந்துது அதுகளுக்கு."

"பிறகு?"

"வெர்னன் பாட்டை நடுவிலை நிப்பாட்டினான். எல்லாம் கப்சிப். பிறகு மைக்கிலை வாயை வைச்சு எண்ணினான். தமிழிலை."

தமிழில்!

அதற்கு ஒரு கதை. குணம் அண்ணைக்கு வாசிக்கத் தொடங்குமுன் வாய்க்குள் எண்ணுகிற பழக்கம். ஒரு நாள் வெர்னன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. "உன் எண்ணுக்குள்ளேயே ட்ரம் இருக்கிறது, மனிதா!" என்று துள்ளிக் குதித்தாராம். சொல்லிப் பாருங்கள்... ண்டு, ண்டு, ண்டு என்று மூன்று அடி. பிறகு நாலு என்று கை தளர்கிறது. இங்கிலீஷில் இது கிடையாது. நம்முடைய இந்தியத் தமிழ் வாசகர்கள் கோபிக்கக்கூடாது, உங்கள் ஒண்ணு மூணிலும் கிடையாது. அன்று தொட்டு அந்தப் பேண்டுக்கு வெர்னன்தான் எண்ணுவார், யாழ்ப்பாணத் தமிழில். கீத்தும் மோரீனும் அதற்குத்தான் உள்ளே வருவார்கள், அதாவது வாசிக்கத் தொடங்குவார்கள். கிளப்பில் அன்றைக்கும் அப்படியே வந்தார்கள், பிறகுதான் கை தட்டு விழுந்ததாம்.

தட்டில் அந்த எண்ணிக்கை இருக்காது. ரெக்கோர்டிங் முடிந்ததும் டேப்பில் அந்தத் துண்டை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். எல்லாப் பேண்டுக்கும் அப்படித்தான்.

பிறகு ஸ்டூடியோக்காரர் ஒரு ட்ரம் மெஷின் வாங்கினார். அதற்குப் பசிக்காது. காய்ச்சல் வராது. பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்தி வராது. வெர்னன் இனி வரவேண்டாம், மற்ற மூன்று பேரும் வாருங்கள் என்றார்.

"போனீங்களோ?"

"எண்ண ஆளில்லாமல் என்னெண்டு தொடங்கிறது?" என்றார் குணம் அண்ணை. கூட்ஸ் லிஃப்டின் கதை அதோடு முடிந்தது. வெர்னன் பஸ் ஓட்டப் போனார். இவர் கார்கோவுக்குப் போனார். கீத் செத்துப் பல வருஷம். மோரீன் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனவர், எங்கே என்று தெரியாது. மிஞ்சியவர்கள் இரண்டு பேர். எப்போதாவது வெர்னனின் ஃபிளாட்டில் சேர்ந்திருந்து கிரிக்கெட் பார்த்து, மேற்கிந்தியத் தீவுகள் படும் பாட்டுக்குக் கவலைப்படுவார்களாம்.

நாங்கள் வார்டுக்குப் போனபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். வெர்னனுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரம். இவருக்குத் தகவல் சொல்ல நம்பர் தேடிப்பிடிக்கவே அவரின் மருமகள் ஷரனுக்கு அத்தனை நாள் எடுத்திருக்கிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரேயொரு சொல்தான் வருகிறது என்றார் நேர்ஸ். நல்ல பெண், முகத்தில் களைப்பு.

"ஜன்னல், ஜன்னல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம். அதனால்தான் கட்டிலை ஜன்னலோரம் மாற்றிக் கொடுத்தோம்."

ஜன்னலுக்கு வெளியே என்ன? கார் பார்க்.

குணம் அண்ணை கட்டிலருகே போனார். வெர்னனின் கண் இவரைப் பார்த்தது. வாய் கோணியபடி திறந்தது.

"வொண்டு... ரெண்டு... மூண்டு... நாலு."

"பாருங்கள்," என்றார் நேர்ஸ். "விண்டோ, விண்டோ என்கிறார்."

வெர்னன் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

குணம் அண்ணை கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"இவன் ஜன்னல் கேக்கேல்லை, தங்கச்சி. எண்ணுறான். மூண்டு கிழமையா எண்ணி எண்ணிப் பாத்துக்கொண்டு கிடக்கிறான்... ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஜன்னலைத்தான் பார்த்தேன்.

அந்த வார்டின் டொக்டர் மதுரைக்காரர், இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காதுல விழத்தான் செஞ்சுச்சு மேடம். தினம் ரவுண்ட்ஸ்ல கேட்டிருக்கேன். எங்க ஊர்ல ஒண்டு, மூண்டுன்னெல்லாம் சொல்றதில்லையா... அது கூடப் பரவாயில்ல. இவர் வாயிலேர்ந்து தமிழ் வரும்னு என் மனசுக்குத் தோணவே இல்ல பாருங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காது தனியாகக் கேட்பதில்லை. கண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அந்தக் கிளப் மனேஜரின் காதும் அதுதான், பார்க்கிங் அண்ணையின் இரண்டு விரல் தட்டை வருஷக்கணக்காகக் கேட்ட என் காதும் அதுதான்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். வியாழக்கிழமை மீட்டிங். வெர்னனைப் பயிற்சி கொடுக்கும் வார்டுக்கு அனுப்புவதா, அல்லது எங்காவது ஒரு நேர்சிங் ஹோமுக்கா என்று முடிவு செய்வார்கள். சொல்வது புரிந்து நடக்கிறார் என்று தெரிந்தால்தான் பயிற்சி. இதுவரை அப்படி ஒரு அடையாளமும் இல்லை.

"எண்ணுறானே!" என்றார் குணம் அண்ணை.

அடுத்த நாள் வந்த பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் அதற்குப் பதில் சொன்னார். இதமாகத்தான் சொன்னார். பேச்சு முழுக்கப் போனவர்களுக்கும் எண்ணுவது, பிரார்த்தனை சொல்வது எல்லாம் தானாக வாயில் வருமாம். அது புரிதல் ஆகாதாம்.

 குணம் அண்ணை கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"வொண்டு... ரெண்டு... மூண்டு... நாலு."

குணம் அண்ணை உள்ளே வந்தார். கிட்டார் இல்லை, வாயாலேதான். அந்தச் சொந்தத் தட்டின் முதல் பாட்டு. டிங், டிடிங் என்று ஒரு மெல்லிய வரி.  இரண்டாவது சுற்றில் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. வெர்னனின் இடது கை, கட்டிலின் கம்பியில். வலது கைக்காரர் அவர். ஆனாலும் பிந்தவில்லை.

பயிற்சிக்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப பாருங்கோ," என்று சொல்லிவிட்டுக் குணம் அண்ணை வேண்டுமென்றே ஒரு இடத்தைப் பிழையாக வாசித்தார். கை நின்றது. வெர்னன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ரிவர்ஸ் எடுக்கும்போது நான் வாங்குகிற அதே முறைப்பு. குணம் அண்ணை அதை யாரிடம் படித்தார் என்று அன்றுதான் தெரிந்தது. கம்பியில் கோபமாக இரண்டு அடி விழுந்தது. வெர்னன் திரும்பவும் எண்ணினார், முதலிலிருந்து.

பிழை விட்டால் கோபம் வருகிற மனிதருக்குப் புரியவில்லை என்று யார் சொல்வது? அந்தப் பெண் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினார். வியாழக்கிழமை பயிற்சி வார்டு என்று முடிவாயிற்று.

இதோடு இந்தப் பத்தியை முடித்திருக்க எனக்கு எவ்வளவு ஆசை!

அந்த வார்டில் கட்டில் காலியாகவேண்டுமே. காத்திருந்தார்கள். குணம் அண்ணை ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிப் போனார். ஒவ்வொரு நாளும் வெர்னன் எண்ணினார், இவர் உள்ளே வந்தார். கட்டில் காலியாவதற்குள் நெஞ்சில் சளி பிடித்தது. அது நியூமோனியா ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் இரண்டாவது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே வெர்னன் போய்விட்டார்.

இவர் வார்டுக்குப் போனதும் ஷரன்தான் வாசலில் நின்று சொன்னாளாம். "நான் வாறதுக்குள்ளை எண்ணியிருப்பானோ, தங்கச்சி?" என்று அன்று பின்னேரம் போனில் என்னைக் கேட்டார்.  

தகனம் போன வெள்ளிக்கிழமை. பழைய பஸ் டிரைவர்கள் வந்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து தொப்பி போட்ட பெண்கள் வந்திருந்தார்கள். மதுரை டொக்டர் டியூட்டி முடிந்து நேரே வந்து கடைசி வரிசையில் நின்றார். மஞ்சள் ஜாக்கெட் இல்லாமல், கோட் சூட்டில், குணம் அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஷரன் அந்தத் தட்டின் முதல் பாட்டை எங்கிருந்தோ இன்டர்நெட்டில் தேடி எடுத்திருந்தாள். சவப்பெட்டி திரைக்கு உள்ளே போகும்போது போடுவதற்கு. எல்லோரும் எழுந்து நின்றோம். திரை மெல்ல அசைந்தது. குணம் அண்ணையின் இரண்டு விரல்களும் முன் கதிரையின் முதுகில் தயாராக இருந்தன.

மண்டபத்து ஆள் பட்டனை அழுத்தினார். கிட்டார் சட்டென்று தொடங்கியது. கீத் வந்தார். மோரீன் வந்தார். வெர்னனும் வந்தார், இரண்டு கையாலும்.

குணம் அண்ணையின் விரல்கள் அசையவில்லை.

"எண்ணாமலே தொடங்கிட்டாங்கள், தங்கச்சி," என்றார்.