வரைபடத்தில் சாலை, தரையில் ஓடை

புரட்டாசி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நான் கோவில்பட்டிக்குப் புறப்பட்டதற்கு ஒரே காரணம், தங்கை ஸ்டெல்லா கட்டும் வீடு. எட்டயபுரத்தைத் தாண்டி, நகர்ப்பகுதியாக விரியவிருக்கும் கரிசல் நிலத்தில் அவளுக்கு மனையைத் தேர்ந்தவன் நான். மண்டல வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வரைபடத்தில் மனைக்கு முன்னால் அறுபது அடிச் சாலை இருந்தது. அவள் கணவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆம்புலன்ஸ் வாசல்வரை வர வேண்டும். சக்கர நாற்காலி ஏற ஏதுவாக அடித்தளத்தையும் தாழ்வாகவே போடச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை வாசல்நிலை வைப்பதாக ஏற்பாடு. வரைவுக்கு ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. எனக்கோ ஆட்சேபம் ஏதுமில்லை.

மதுரையிலிருந்து ரயிலில் வந்து 8.40க்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். பேருந்தில் எட்டயபுரம் சேர்ந்தபோது 9.45. அங்கிருந்து ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோ. காத்திருப்பு உட்படப் போகவர 350 ரூபாய். (காத்திருப்பை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.)

தார்ச்சாலை முடிந்ததும் வரைபடத்தைக் காட்டினேன். ஓட்டுநர் முருகன் வானத்தைப் பார்த்தார். "இதுலயா? போலாம் அண்ணாச்சி. தூத்தல் விழுததுக்குள்ள திரும்பிரணும்."

வழி நேராக, கெட்டியாக, சக்கரத் தடங்களோடு இருந்தது. மனையருகே இறங்கி நாடாவை விரித்தேன். அகலம் ஐம்பத்தெட்டு அடி. திருப்தியாக இருந்தது.

பருத்திக் காட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "ஏலே முருகா, யாருலே அது?"

"மனைக்காரவிய, சூசை அண்ணாச்சி. ரோட்ட அளக்காவ."

"ரோடா!" அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், நீங்க நிக்கது ஓடை. கோடையில நாங்க இதுல வண்டி ஓட்டுதோம். ஐப்பசியில அதுவே ஓடும். வானத்துல நின்னு படம் புடிச்சவன் எங்க வண்டித்தடத்தப் பாத்துட்டு ரோடுன்னு எழுதிட்டான் போல."

மனையின் மூலையில் நின்ற உடைமரத்தை அவர் சுட்டினார். முள்கிளையில் காய்ந்த வைக்கோல் சிக்கியிருந்தது. பறவைக்கூடு என்று நினைத்தேன்.

"போன வெள்ளத்துல வந்தது" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

அளந்தேன். வைக்கோல் தரையிலிருந்து நான்கடி மூன்றங்குல உயரத்தில் இருந்தது. அடித்தளம் இரண்டடி மூன்றங்குலம். ஆக, வீட்டுக்குள் இரண்டடித் தண்ணீர். தங்கை கணவரின் கட்டில் ஒன்றரையடி உயரம். நாடாவைச் சுருட்டாமல் இன்னொரு முறை அளந்தேன்.

திரும்பும்போது தூறல் பிடித்தது. பத்தே நிமிடத்தில் கரிசல் சக்கரங்களில் அப்பிக்கொண்டது. முந்நூறு மீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் தள்ளினோம். ஒவ்வொரு முறை கால் புதைந்தபோதும் பின்னால் தண்ணீர் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

இப்பகுதியில் மனை பார்க்க வருவோர் மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். முடியாவிட்டால் வரைபடத்தைப் பிரிக்கும் முன் மரக்கிளைகளை அளந்துகொள்ளுங்கள். ஆட்சேப மனுவைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆனால் வரைவைத் திருத்தினாலும் ஓடை இடம் மாறாது.

எட்டயபுரம் வந்ததுமே தங்கையை அழைத்து, நிலை வைக்க வேண்டாம் என்று காரணத்தைச் சொல்லியிருந்தேன்.

"சரிண்ணே, வைக்கல. ஆனா ஐப்பசி பொறந்ததும் வாடகை வீட்டக் காலி பண்ணணும். இவிய கட்டில நான் எங்கன கொண்டு போடுவேன்?"

மனுவை நான்கு படிகள் எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.