பச்சைப் பெட்டியும் சிவப்புப் பெட்டியும்

ஐயா கிராமச் சங்கத் தேர்தலில் நின்றபோது எனக்கு எட்டு வயது. பெண்களும் வாக்குப் போடலாம் என்று சட்டம் வந்தபின் எங்கள் வட்டாரத்தில் நடந்த முதல் தேர்தல் அது. அதுவரை அங்கே போட்டி என்று ஒன்று இருந்ததில்லை. பெரிய தீவில் இருந்த மீன்பிடி முதலாளியான சம்மாட்டியார், தம்முடைய இரண்டு வள்ளங்களைப் போலவே சங்கத்துக் கதிரையையும் சொந்தமாக வைத்திருந்தார்.

எங்களுடையது அதற்கு எதிரே கிடந்த சின்னத் தீவு. கிணறுகளெல்லாம் உப்பு. பெண்கள் நாள்தோறும் குடங்களோடு சம்மாட்டியாரின் வள்ளத்தில் ஏறிப்போய்த்தான் குடிதண்ணீர் கொண்டுவருவார்கள். ஐயா தெற்கே ஒரு கடையில் பல வருடம் நின்றுவிட்டு, ஒரு குடையும் நல்ல கையெழுத்துமாக ஊர் திரும்பியவர். தீவின் நடுவில் மணற்பிட்டிக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது, ஒரு கிணறு கட்டித் தாருங்கள் என்று சங்கத்துக்கு மூன்று மனு எழுதினார். மறுமொழி வரவில்லை. நான்காவதாக வேட்புமனு எழுதினார்.

வாக்குச்சாவடி பெரிய தீவுப் பள்ளிக்கூடத்தில். ஐயா முதல்நாளே அங்கே போய்விட்டார். காலையில் நாங்கள் துறைக்குப் போனால், வள்ளங்கள் இரண்டும் கரையில் குப்புறக் கிடந்தன. ஓட்டை அடைக்கிற கலப்பத்து வேலை நடக்கிறதாம்.

ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, வள்ளக்காரரிடம் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கலப்பத்துக்கு இண்டைக்குத்தான் நாள் பாத்தனீங்களோ?"

"என்னைக் கேட்டு என்ன செய்யிறது, அக்கா? சம்மாட்டியார் சொல்லிப்போட்டார்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆழமில்லாத அந்தக் கடலில் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். பெண்கள் கரையில் நின்றார்கள். நனைந்த சேலையோடு அந்நிய ஆண்களுக்கு முன்னால் போய் நிற்பதெப்படி? சம்மாட்டியார் போட்ட கணக்கும் அதுதான். சிலர் வீட்டுக்குத் திரும்பவும் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது அம்மா, நாலுபேர் கூடிய இடத்தில் வாயே திறக்காத என் அம்மா, சொன்னார்:

"கடல் வத்தித்தானே கிடக்கு. மாத்துச் சேலையைத் தலையிலை வைச்சுக்கொண்டு நடப்பம்."

மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நடுவிலை உமக்குக் கழுத்துமட்டும் வருமே, மச்சாள்."

"வந்தால் வரட்டும்."

எல்லாரும் வீட்டுக்குப் போய் ஓலைப்பெட்டிகளில் சேலையோடு ஓடிவந்தார்கள். மாமி என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, நீளமாக ஒரு வரிசையாய்க் கடலுக்குள் இறங்கினார்கள். நடுவழியில் அம்மாவின் கால் சேற்றில் வழுக்கியது. ஒரு கணம் தண்ணீருக்கு மேலே அந்த ஓலைப்பெட்டியும் அதைப் பிடித்த கையும் மட்டுமே தெரிந்தன. நான் கத்திவிட்டேன். அம்மா எழும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டி நனையவில்லை என்று எனக்குக் காட்டினார்.

தாழம்பற்றைக்குள் சேலை மாற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலை முடிந்தபடி அவர்கள் பள்ளிக்கூட முற்றத்துக்குள் நுழைந்தபோது, அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார். சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பித் தன் ஆட்களிடம், "வழியை விடுங்கோ" என்றார். அதை நான் அவருடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக இன்றைக்கும் சொல்வதுண்டு.

தேர்தல் நடத்த வந்து வாசலில் இருந்த அரசாங்கக் கந்தோர்க்காரர் பட்டியலைப் பார்த்து உரத்து வாசித்தார்: "தெய்வானைப்பிள்ளை!"

யாரும் அசையவில்லை. யார் அந்தத் தெய்வானைப்பிள்ளை என்று நானும் சுற்றிப் பார்த்தேன். ஐயாவுக்கு அம்மா "இஞ்சாரும்", மாமிக்கு "மச்சாள்", ஊருக்கு என் பெயரைச் சொல்லி இன்னாரின் தாய். கந்தோர்க்காரர் இரண்டாம் முறை வாசித்தபோது அம்மா ஓரடி முன்னே வைத்து, "ஓம், நான்தான்" என்றார். குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஐயாவுக்குப் பச்சை, சம்மாட்டியாருக்குச் சிவப்பு. விரும்பியவரின் பெட்டிக்குள் வாக்குச்சீட்டைப் போடவேண்டும். அம்மா உள்ளே போய்த் திரும்பிவரச் சற்று நேரமெடுத்தது.

பின்னேரம் எண்ணி முடித்தார்கள். ஐயா வென்றார். எங்கள் தீவுப் பெண்கள் வராதிருந்தால் தோற்றிருப்பார் என்று சம்மாட்டியாரின் ஆட்களே சொன்னார்கள். நாங்கள் திரும்பும்போது வள்ளங்கள் இரண்டும் துறையில் மிதந்தன. கலப்பத்து வேலை எப்படியோ முடிந்துவிட்டிருந்தது. அந்த வள்ளத்தில், கழுத்தில் மாலையோடு ஐயா இருக்க, அவருக்கு அருகில் உட்கார்ந்து வந்த என்னைப்போல் கர்வம் பிடித்த பிள்ளை அன்று இந்த இலங்கையிலேயே இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தபோது ஐயா சிரித்துக்கொண்டு கேட்டார்:

"இஞ்சாரும், நீர் எந்தப் பெட்டியிலை போட்டனீர்?"

அம்மா சோற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அதை ஆரும் கேக்கப்படாதாம். அந்தக் கந்தோர்க்காரர் சொன்னவர்."

"நான் கேட்டாலுமோ?"

"ஆரும் எண்டால் ஆரும்தான்."

ஐயாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. பிறகு அவர் சிரித்தார். முதலில் சிரித்த சிரிப்பு அல்ல அது. மறுபடி கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை.

எனக்கோ அழுகை வந்தது. வென்றுவந்த மனிதரிடம் 'பச்சை' என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அம்மாவோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். அந்த ஒரு சொல்லைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத்தான் அவர் கழுத்தளவு தண்ணீருக்குள்ளால் நடந்து போனார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.