கைதட்டும் வகுப்பு

நேற்று மகள் போனில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். விடை சரியென்றால் போன் கைதட்டுகிறது. உள்ளே ஒரு கல்யாண மண்டபமே உட்கார்ந்திருக்கும்போல. எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், உரக்கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. படியேறும்போதே பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறும். இன்றும் யாராவது சுத்தமாக ஆங்கிலம் பேசினால் எனக்கு அந்த நெடிதான் அடிக்கும்.

எங்கள் சாரிடம் இருந்தது ஒரே மருந்து. வினைச்சொல்லின் வாலில் ஈ-டி சேர்த்தால் இறந்த காலம் தயார். அதற்கு அடங்காத வினைச்சொற்களை 'அடுத்த மாசம்' என்று தள்ளிவைத்தார். அந்த மாசம் வரவேயில்லை. தினமும் ஒவ்வொருவரும் எழுந்து முந்தின நாள் செய்ததைச் சொல்லவேண்டும்; சரியாக இருந்தால் எல்லோரும் கைதட்டவேண்டும். ஆகவே ஈ-டிக்கு அடங்கிய காரியங்களாகவே பார்த்துச் செய்தோம். நடந்தோம், சமைத்தோம், கழுவினோம். சாப்பிடவோ தூங்கவோ யாருக்கும் துணிச்சல் இல்லை. நைனார்பாளையத்துப் பெரிய விவசாயி ஒருவர், வீட்டில் ஒரு டம்ளரைக்கூடத் தொடாதவர், வகுப்பில் தினமும் பாத்திரம் கழுவினார். "எங்க வூட்ல சொல்லிடாதப்பா," என்பார் என்னிடம்.

ஏழுமலை மட்டும் வாயே திறக்கவில்லை. கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து மலையிறங்கி வருவான். அங்கே புது லாட்ஜில் ஆங்கிலம் பேசினால் ரிசப்ஷன் வேலை. இல்லையென்றால் மிளகு பறிக்கக் கேரளா. அவனை வகுப்புக்கு அனுப்பியது அவன் அப்பா. "ஒரு வரியாவது பேசிட்டு வாடான்னு சொல்லிக்கினே இருக்காருங்க," என்பான். முறை வந்ததும் எழுந்து, சுவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தலை மொட்டை. திருப்பதி போயிருப்பான் என்று நினைத்தோம். அன்றைக்கு அவனாகவே எழுந்தான்.

"மை ஃபாதர் டைடு."

உச்சரிப்பு சுத்தம். ஈ-டி அதன் இடத்தில் இருந்தது. கைதட்டிவிட்டோம். அப்பா செத்துப்போனார் என்றல்லவா சொல்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. கைகள் ஒவ்வொன்றாகப் பாதியில் நின்றன. நைனார்பாளையத்துக்காரர் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழுமலைதான் எங்களைத் தேற்றினான்.

"பரவால்லீங்க. சரியா சொன்னேன் இல்ல?"



லாட்ஜ் வேலை அவனுக்குக் கிடைத்தது. வகுப்புதான் நிலைக்கவில்லை, அந்த மாடியில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. பூச்சிமருந்து நெடியும் இல்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே மகளின் போனிலும் அதே வினைச்சொல் வந்தது. கிழவர் ஒருவர் இறந்ததைச் சரியாகச் சொன்னாள். போன் கைதட்டியது. நான் காத்திருந்தேன். அது நிதானமாகக் கடைசிவரை தட்டி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.